பொழுதோட ஒருக்கா, காத்தால ஒருக்கா: வீட்டுக்கும் ஆபீசுக்கும் மாறி மாறிப் போன ஒரு லேப்டாப்பின் நிகழ்வு ஆய்வு

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து போன் வந்தது. கணக்கு பார்க்கும் அண்ணன் பேசினார். "தம்பி, டேலி ஒருத்தருக்கும் ஓப்பன் ஆகமாட்டேங்குதுங்க. சர்வர் ஓடிட்டுத்தான் இருக்குது. இ-வே பில் போடோணும், வண்டி லோடு ஏத்திட்டு வாசல்ல நிக்குது. வெரசா வாங்க."

டேலி என்பது கணக்கு எழுதும் மென்பொருள், இ-வே பில் என்பது சரக்கு வண்டிக்கான ஆவணம். அந்தக் கம்பெனிக்கு நான் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். சொந்தமாக ஐடி ஆள் வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய கம்பெனி இல்லை. திருப்பூரில் முக்கால்வாசி இடம் அப்படித்தான், என்னைப் போன்றவர்கள் வாரம் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அன்று நடந்ததையும், அதைச் சரி செய்யப்போய் அடுத்த இரண்டு மாதத்தில் நாங்கள் மாற்றியதையும் முழுதாக எழுதி வைக்கிறேன். லேப்டாப்பைத் தினமும் வீட்டுக்குத் தூக்கிப்போகும் எல்லாருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

அன்று காலை

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி என்று ஒரு எண் உண்டு. சர்வர் முன்னால் உட்கார்ந்து, அதைக் காட்டும் ஐபிகான்ஃபிக் /all கட்டளையை அடித்துப் பார்த்தேன். 192.168.1.5 என்ற அதன் வழக்கமான முகவரிக்குப் பக்கத்திலேயே 'டூப்ளிகேட்' என்று இருந்தது. அதற்குக் கீழே 169.254 என்று தொடங்கும் இன்னொரு முகவரி. இந்த 169.254 வரிசையை எங்கே பார்த்தாலும் ஒன்றைப் புரிந்துகொள்ளலாம்: அந்தக் கணினிக்கு உரிய முகவரி கிடைக்கவில்லை, சும்மா இருக்கக் கூடாதே என்று தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஆபீசில் மற்ற யாரோடும் பேச முடியாது.

யாரோ சர்வரின் முகவரியை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கணக்கு அண்ணனின் கணினியிலிருந்து 192.168.1.5-க்குப் பிங் ("இருக்கிறாயா?" என்று கேட்கும் செய்தி) விட்டேன். பதில் வந்தது. கேபிளே இல்லாத சர்வர் பதில் சொல்லாது, ஆகவே ஆள் வேறு. பிங்கை நிறுத்தாமல் ஓடவிட்டுவிட்டு, நெட்வொர்க் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி மாட்டினேன். மாடியில் இருக்கும் வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டின் கேபிளைக் கழற்றியதும் பதில் நின்றது. அப்புறம் அந்த ஆக்சஸ் பாயின்ட்டின் செட்டிங் பக்கத்தைப் பிரவுசரில் திறந்து, அதில் இணைந்திருக்கும் கருவிகளின் மேக் முகவரிகளை (நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்), கணக்கு அண்ணனின் கணினி 1.5-க்கு எதிரே குறித்து வைத்திருந்த மேக் முகவரியோடு ஒப்பிட்டேன். மெர்ச்சண்டைசிங், அதாவது வாங்குபவர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் பிரிவின் மேசையில் இருக்கும் ஒரு லேப்டாப். மொத்தம் இருபது நிமிடம்.

மாடிக்குப் போனேன். அந்த லேப்டாப்பை வைத்திருக்கும் பெண் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தது. கீழே நடந்த கூச்சல் மாடிவரை கேட்டிருக்கிறது. "ஏனுங்ணா, நான்தான் தப்பா அடிச்சுட்டனுங்களா?"

லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தால், அடியில் செல்லோடேப் போட்டு ஒட்டிய ஒரு சீட்டு. நீல மை. ஐபி 192.168.1.55, அடுத்த வரியில் மாஸ்க், அதற்கடுத்து கேட்வே 192.168.1.1, டிஎன்எஸ் 192.168.1.5, கடைசியில் ப்ராக்ஸி 192.168.1.2, போர்ட் 8080. மாஸ்க் எந்த முகவரிகள் உள்ளே இருப்பவை என்று சொல்வது, கேட்வே வெளியே இணையத்துக்குப் போகும் வாசல், டிஎன்எஸ் பெயரை எண்ணாக மாற்றித் தருவது, ப்ராக்ஸி நடுவில் நின்று இணையப் பக்கங்களை வாங்கித் தருவது. டேப்பின் ஓரம் அழுக்கேறிச் சுருண்டிருந்தது. கடைசி 55-ல் ஒரு 5 அன்று விழவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் இது மட்டும் போதாது. ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் முகவரியை விண்டோஸ் கணினியில் போட்டால், அது முதலில் "இந்த முகவரியில் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பார்க்கும். பதில் வந்தால் அந்த முகவரியைத் தொடாது. அன்றைக்கு மட்டும் ஏன் தொட்டது? சனிக்கிழமை பொழுதோட சர்வரை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். திங்கட்கிழமை ஒன்பதேகாலுக்குத்தான் கணக்கு அண்ணன் அதை ஆன் செய்தார். இந்தப் பெண் வந்தது எட்டே முக்காலுக்கு. கேட்டபோது பதில் சொல்ல ஆளில்லை, அதனால் லேப்டாப் அந்த முகவரியில் உட்கார்ந்துகொண்டது. அரை மணி கழித்து எழுந்த சர்வர் அதே கேள்வியைக் கேட்டது, லேப்டாப் "நான் இருக்கிறேன்" என்றது, சர்வர் ஒதுங்கிக்கொண்டது. டேலியும் ஃபைல்களும் டிஎன்எஸ்ஸும் எல்லாம் அந்த ஒரே சர்வரில்.

55 என்று திருத்தி, சர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்பியதும் எல்லாம் ஓடத் தொடங்கியது. வண்டி பத்தே முக்காலுக்குக் கிளம்பிவிட்டது. "அந்தப் புள்ள தப்பா அடிச்சிருச்சு" என்று ஆபீஸ் முழுக்க அதற்குள் பரவியிருந்தது. எனக்கு அதுதான் உறுத்தியது. மாதம் 26 வேலை நாள், நாளுக்கு இரண்டு தடவை, ஆக 52 தடவை இந்த எண்களை மாற்றுகிறது அந்தப் பெண். இரண்டு வருடமாக. ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவையில் ஒரே ஒரு தடவை ஒரு 5 விட்டுப்போனதற்கு ஒரு ஆளைக் குற்றம் சொல்ல முடியாது. இவ்வளவு எண்ணை ஒரு ஆள் தினமும் கையால் அடிக்க வேண்டிய நிலையை வைத்திருந்ததுதான் குற்றம், அதில் எனக்கும் பங்கு உண்டு. அந்தச் சீட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. ஒரு நாளும் மாடியில் போய் உட்கார்ந்து, "பொழுதோட வீட்டுக்குப் போய் என்னங்க பண்றீங்க?" என்று நான் கேட்டதில்லை.

ஏன் தினமும் தூக்கிப்போக வேண்டும்

அன்றைக்குக் கேட்டேன். வீடு குன்னத்தூர் பக்கம், கோபி பஸ்ஸில் போக வேண்டும். பையர், அதாவது சரக்கு வாங்குபவர், ஜெர்மனியில். அங்கே காலை ஒன்பது மணி என்றால் நமக்குக் கோடையில் பகல் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. அவர்கள் ஆபீஸ் முடிகிற ஆறு மணி, நமக்கு இரவு ஒன்பதரை அல்லது பத்தரை. சாம்பிளுக்கு ஒப்புதல், கலர் மாற்றம், டெக் பேக்கில் (துணியின் வடிவமைப்பு விவரங்கள் உள்ள ஃபைல்) அளவு திருத்தம் எல்லாம் நமக்குப் பொழுது சாய்ந்த பிறகுதான் மெயிலில் வரும். அதைப் பார்த்து இரவே பதில் போட்டால்தான் மறுநாள் காலை எட்டரைக்குக் கட்டிங் தொடங்கும். லேப்டாப் வீட்டுக்குப் போகாமல் இந்தத் தொழில் நடக்காது.

வீட்டில் என்ன ஆகும் என்பதை அந்தப் பெண்ணே அடுக்கிச் சொன்னது. முதல் ஆறு மாதம் சீட்டெல்லாம் கிடையாது, ஆபீசில் போட்ட செட்டிங்கோடு அப்படியே வீட்டுக்குப் போயிருக்கிறது. வைஃபை 'கனெக்டெட்' என்று காட்டும், ஒரு பக்கமும் திறக்காது. போனில் மட்டும் நெட் நன்றாக வரும். கேபிள்காரத் தம்பி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, ஃபைபர் பெட்டியையே மாற்றிக் கொடுத்திருக்கிறார். "அவுரு என்னங்ணா பண்ணுவாரு, எங்கம்மா போட்ட சத்தம் அப்படி."

பெட்டியில் குறையில்லை. ஆபீஸ் கேட்வே 192.168.1.1. வீட்டுப் பெட்டியின் முகவரியும் அதே 192.168.1.1. நிறைய ரவுட்டர்கள் கடையிலிருந்து வரும்போதே அந்த எண்ணோடுதான் வருகின்றன. ஆகவே கேட்வே தற்செயலாகப் பொருந்திவிட்டது. வெளியே இருக்கும் ஒரு முகவரிக்கு, 8.8.8.8 என்று வைத்துக்கொள்ளுங்கள், பிங் விட்டால் பதில் வரும். பெயரைப் போட்டால் வராது. பெயரை எண்ணாக மாற்றித் தருகிற டிஎன்எஸ் என்று எழுதி வைத்தது ஆபீஸ் சர்வரை, அது குன்னத்தூரில் இல்லையே. பெண்ணின் தம்பி கல்லூரியில் படிக்கிறவர், டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று, அதாவது கூகுளின் பொது டிஎன்எஸ்ஸாக, மாற்றிக் கொடுத்திருக்கிறார். சரியான யோசனைதான். ஆனால் பிரவுசர் அப்போதும் திறக்கவில்லை, ப்ராக்ஸி குறுக்கே நின்றது. ப்ராக்ஸியையும் எடுத்துவிட்டு வீட்டில் எல்லாம் வந்தது. மறுநாள் ஆபீசில் சர்வரின் பெயர் கிடைக்கவில்லை, ஃபோல்டர் திறக்கவில்லை. அதன் பிறகுதான் இந்தச் சீட்டு.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். விண்டோஸில் பழைய கண்ட்ரோல் பேனல் வழியாகப் போடும் ஐபி முகவரி, அந்த அடாப்டரோடு (கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என்று கணினியில் இருக்கும் இணைப்புக் கருவி) ஒட்டிக்கொள்ளும். எந்த ஊர் வைஃபையில் சேர்ந்தாலும் அதே முகவரிதான். ப்ராக்ஸி அதைவிட மோசம், அடாப்டர்கூடக் கணக்கில்லை: கேபிளுக்கும் வைஃபைக்கும் சேர்த்து ஒரே செட்டிங். ஆண்ட்ராய்டு போனில் இந்தச் சங்கடம் கிடையாது. அதில் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனியாக ஐபியும் ப்ராக்ஸியும் வைத்துக்கொள்ளலாம். ஆப்பிளின் மேக் கணினியில் 'லொக்கேஷன்' என்று ஒன்று உண்டு, ஆபீசுக்கு ஒரு தொகுப்பு, வீட்டுக்கு ஒரு தொகுப்பு என்று மொத்தமாக மாற்றலாம். நம் ஊர் கம்பெனிகளில் இருப்பதெல்லாம் விண்டோஸ், அதனால் சீட்டு.

கையால் முகவரி போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது

முகவரியைத் தானாகக் கொடுக்கும் டிஎச்சிபி என்ற முறை 1993-லேயே வந்துவிட்டது. இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் 1997-ல் வகுக்கப்பட்டது. இவ்வளவு பழைய, நன்றாக ஓடுகிற ஒன்றை விட்டுவிட்டு ஏன் எல்லாருக்கும் கையால்? பழைய ஆட்களைக் கேட்டதில் இரண்டு காரணம் கிடைத்தது.

ஒன்று, நான் அங்கே போவதற்கு முன்னால் நடந்தது. கட்டிங் பக்கம் வைஃபை எட்டவில்லை என்று சூப்பர்வைசர் வீட்டிலிருந்த ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்து, கேபிளை அதன் லேன் ஓட்டையில் மாட்டிவிட்டார். அதுவும் ஒரு டிஎச்சிபி கடை திறந்துவிட்டது. முகவரி கேட்கிற கணினிக்கு யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவர் சொன்னதுதான். பாதிக் கணினிகளுக்கு அந்த ரவுட்டர் 192.168.0 வரிசையில் முகவரி கொடுத்துவிட்டது. இரண்டு நாள் ஆபீஸ் தத்தளித்திருக்கிறது. அப்போது வேலை பார்த்தவர் ரவுட்டரைப் பிடுங்கியதோடு நிற்காமல், டிஎச்சிபியையே நிறுத்திவிட்டு எல்லாருக்கும் கையால் போட்டுவிட்டார். வந்த நோய்க்கு அது அப்போதைக்குச் சரியான மருந்து. ஆனால் அப்போது எல்லாம் மேசைக் கணினி, ஒன்றும் நகராது. லேப்டாப் வந்தபோது யாரும் அந்த முடிவைத் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.

இரண்டாவது, அனுமதி. மெர்ச்சண்டைசர்களுக்கு எல்லா இணையப் பக்கமும் திறக்க வேண்டும், மற்றவர்களுக்குச் சிலது மட்டும். பழைய கணினி ஒன்றில் ஓடிய ப்ராக்ஸி, முகவரியைப் பார்த்துத்தான் ஆளைப் பிரித்தது. முகவரியின் கடைசி எண் 50 முதல் 59 வரை என்றால் மெர்ச்சண்டைசிங். முகவரி மாறினால் அனுமதியும் போய்விடும்.

செய்து பார்த்ததும் விட்டதும்

முதலில் எனக்குக் கை வந்ததைச் செய்தேன். நெட்வொர்க் செட்டிங்கை மாற்றும் விண்டோஸின் நெட்ஷ் கட்டளைகளை வைத்து இரண்டு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்), டெஸ்க்டாப்பில் இரண்டு ஐகான்: 'ஆபீஸ்', 'வீடு'. ஒன்றை அழுத்தினால் எல்லா எண்ணும் போய் உட்காரும், இன்னொன்றை அழுத்தினால் எல்லாம் தானியங்கிக்குத் திரும்பும், ப்ராக்ஸியும் கூடவே மாறும். தப்பாக அடிக்க வழியே இல்லை. எட்டு நாள் நன்றாக ஓடியது. ஆனால் இந்த மாற்றத்துக்கு அட்மின் உரிமை வேண்டும், ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்டுப் பெட்டி வரும், அதற்காக எல்லா லேப்டாப்பிலும் அட்மின் உரிமையைத் திறந்து வைக்க வேண்டும். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்பதாவது நாள் இரவு பத்து மணிக்குப் போன். 'வீடு' அழுத்த மறந்துவிட்டு, நெட் வரவில்லை என்று. ஆளின் ஞாபகத்தை நம்பி நிற்கும் ஏற்பாடு சீட்டைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவே.

அடுத்தது கேபிள். செட்டிங் அடாப்டரோடு ஒட்டும் என்றால், ஆபீசில் கேபிள், வீட்டில் வைஃபை என்று பிரித்துவிட்டால் ஐபியை மாற்றவே வேண்டாமே! லேப்டாப்பில் லேன் ஓட்டை இல்லை, யூஎஸ்பியில் மாட்டும் லேன் கன்வெர்ட்டர் வாங்கினோம். வீடும் ஆபீசும் வேறு வேறு வகை இணைப்பு என்றால், ஒரு ஆள் மட்டும் வேலை பார்க்கும் இடத்தில், இதைவிட எளிய தீர்வு கிடையாது. இங்கே ஒரு வாரத்தில் அந்தக் கன்வெர்ட்டரை சாம்ப்ளிங் அண்ணன் இரவல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பதிலுக்கு வேறு ஒன்று மாட்டினார்கள். விண்டோஸ் அதைப் புது அடாப்டராக, 'ஈதர்நெட் 2' என்று எடுத்துக்கொண்டது, போட்ட முகவரி எதுவும் அதில் இல்லை. ப்ராக்ஸி பிரச்சினையும் அப்படியே இருந்தது.

மூன்றாவதாகப் பார்த்தது, 'ஆல்டர்நேட் கான்ஃபிகரேஷன்' என்ற தாவல். பலருக்கு இது இருப்பதே தெரியாது, ஏனென்றால் ஐபியைத் தானாகப் பெறும்படி வைத்தால்தான் அந்தத் தாவலே தோன்றும். டிஎச்சிபி பதில் வராவிட்டால் இந்த முகவரியை வைத்துக்கொள் என்று அதில் எழுதி வைக்கலாம். வீட்டில் டிஎச்சிபி உண்டு, ஆபீசில் இல்லை. கச்சிதமாகப் பொருந்த வேண்டும், பொருந்தவும் செய்தது. ஆனால் காலையில் ஆபீஸ் வைஃபையில் சேர்ந்ததும் லேப்டாப் டிஎச்சிபிக்காகக் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்துத்தான் மாற்று முகவரிக்கு வரும். மீட்டிங் அறைக்குப் போய்த் திரும்பினால் இன்னொரு நிமிடம். பொறுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் சொன்னது. நான்தான் வேண்டாம் என்றேன். யாராவது மறுபடி ஒரு வீட்டு ரவுட்டரை மாட்டினால் இந்த லேப்டாப்தான் முதலில் அதன் வலையில் விழும்.

இந்த மூன்றிலும் நான் லேப்டாப்பையே திருத்திக்கொண்டிருந்தேன். முகவரி இடத்துக்குச் சொந்தமானது. ஆபீஸ் முகவரியை ஆபீஸ் வைத்திருக்க வேண்டும், உள்ளே வருகிறவருக்குக் கொடுக்க வேண்டும், வெளியே போகும்போது அவர் அதைச் சுமந்துகொண்டு போகக் கூடாது. லேப்டாப் எங்கே போனாலும் ஒன்றும் தெரியாத பிள்ளையாக "எனக்கு என்ன முகவரி?" என்று கேட்கட்டும். அப்படியானால் திருத்த வேண்டியது ஆபீசை.

ஆபீசைத் திருத்தியது

ஓனரிடம் போய்ச் சொன்னேன். "தம்பி, ஒரு புள்ள ஒரு நம்பரைத் தப்பா அடிச்சதுக்கு இத்தனை வேலையா, இத்தனை செலவா?" என்றார். மாதம் 52 தடவைக் கணக்கைச் சொன்னேன். லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்னும் ஐந்து பேர், எல்லார் லேப்டாப்பையும் திருப்பிப் பாருங்கள் என்றேன். பார்த்தார். மூன்றில் சீட்டு இருந்தது. ஒன்றில் ஸ்கெட்ச் பேனாவால் லேப்டாப்பிலேயே எழுதியிருந்தார்கள். சரி, பண்ணுங்க என்றார்.

டிஎச்சிபியை சர்வரில் மறுபடி திறந்தோம். முகவரி மாறக் கூடாதவர்களுக்கு 'ரிசர்வேஷன்': இன்ன மேக் முகவரி வந்து கேட்டால் எப்போதும் இன்ன ஐபி என்று எழுதி வைப்பது. லேப்டாப்புக்கு இது எதுவும் தெரியாது, அது தானாகக் கேட்கிறது, கிடைப்பதை வாங்கிக்கொள்கிறது. அனுமதி வரிசையும் அப்படியே நிற்கிறது. ப்ராக்ஸி ஓடிய பழைய கணினியை எடுத்துவிட்டு, கேட்வேயாக இருக்கும் ஃபயர்வாலிலேயே அந்த வேலையை வைத்தோம். போகிற வழியிலேயே சோதித்து அனுப்பும், லேப்டாப்பில் ப்ராக்ஸி என்று எதையும் எழுத வேண்டியதில்லை. பழைய ரவுட்டர் கதை திரும்ப நடக்காமலிருக்க, நடுவில் இருந்த சாதாரண சுவிட்சை மாற்றி, டிஎச்சிபி ஸ்நூப்பிங் உள்ள சுவிட்ச் போட்டோம். சர்வரின் கேபிள் மாட்டியிருக்கும் ஓட்டையைத் தவிர வேறு எந்த ஓட்டையிலிருந்து முகவரி கொடுக்க வந்தாலும் அது அந்தப் பதிலைக் கீழே போட்டுவிடும். என்னைக் கேட்டால் மொத்தச் செலவில் மிக அவசியமானது இதுதான்.

ஒன்று மிச்சமிருந்தது, அதுதான் எங்களைப் படுத்தியது. வீட்டிலிருந்து டெக் பேக் ஃபோல்டரைத் திறக்க விபிஎன் (இணையம் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான வழி) போட்டுக் கொடுத்திருந்தேன். விபிஎன் சேரும், ஃபோல்டர் திறக்காது. ஆபீசும் 192.168.1 வரிசை, வீடும் 192.168.1 வரிசை. எல்லா ஊரிலும் ஒரு மாரியம்மன் கோவில் வீதி இருக்கும். குன்னத்தூர் தபால்காரரிடம் மாரியம்மன் கோவில் வீதி, கதவு எண் 5 என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அவர் குன்னத்தூர் வீதியில்தான் தேடுவார், பெருமாநல்லூர் ரோட்டுக்கு வரமாட்டார். லேப்டாப்பும் 192.168.1.5 என்றதும் வீட்டுக்குள்ளேயே தேடிவிட்டு இல்லை என்றது. வீட்டுப் பெட்டியின் வரிசையை மாற்றினால் அந்த ஒரு வீடு சரியாகும். மற்ற ஐந்து வீட்டுக்கும் போய் மாற்ற முடியுமா? நாளைக்கு கேபிள்காரர் பெட்டியை மாற்றினால் மறுபடி பழைய எண்தான். ஆபீஸ் வரிசையையே மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

வீடு, ஆபீஸ் போன்ற உள் நெட்வொர்க்குகளுக்கு என்று 1994-ல் மூன்று வரிசைகளை ஒதுக்கி வைத்தார்கள்: 10-ல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, 192.168-ல் தொடங்குவது. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் கடைசி வரிசையில்தான் இருக்கும். 10-ல் தொடங்குவதில், நடுவில் யாரும் சாதாரணமாக வைக்காத எண்ணாகப் பார்த்து 10.73.20 என்று எடுத்தோம். அதிலும் 10.0.0 வேண்டாம் என்று விட்டோம், அதுவும் சில ரவுட்டர்களில் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம், நானும் என்னிடம் வேலை பார்க்கும் தம்பியும். சர்வர், பிரிண்டர்கள், பார்கோடு பிரிண்டர், கேமரா டிவிஆர், விரல் வைக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின் இரண்டு, ஆக்சஸ் பாயின்ட்கள். இவை நகராத கருவிகள், மற்றவர்கள் இவற்றைத் தேடி வருகிறார்கள், ஆகவே இவற்றுக்கு முகவரி நிலையாக இருக்க வேண்டும். டேலிக்கும் அப்படித்தான்: சர்வர் ஒரே இடத்தில் இருந்தால் போதும், கேட்கிற கணினிக்கு எந்த முகவரி என்பது அதற்குப் பொருட்டில்லை. கணக்கு அண்ணன் இதை நம்பவே இல்லை, தன் கணினிக்கும் பழைய எண்ணே வேண்டும் என்றார். தானியங்கியில் வைத்து டேலியைத் திறந்து காட்டிய பிறகுதான் விட்டார். மதியம் அவர் வீட்டிலிருந்து அரிசிம்பருப்பு சாதம் வந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு முடித்தோம்.

முழுதாக முடிக்கவில்லை என்பது புதன்கிழமை தெரிந்தது. தையல் பகுதி அட்டெண்டன்ஸ் மெஷினுக்குப் புது முகவரி போட்டிருந்தோம், ஆனால் அதிலிருந்து வருகைப் பதிவை இழுக்கும் மென்பொருளில் பழைய முகவரியே இருந்தது. மூன்று நாள் பதிவு ஏறவில்லை. சனிக்கிழமை வாரச் சம்பளம். நூற்றுக்கு மேற்பட்ட தையல்காரர்களின் கணக்கு அது. நல்லவேளையாக மெஷின் தன் நினைவில் எல்லாவற்றையும் வைத்திருந்தது, முகவரியைத் திருத்தியதும் மொத்தமும் வந்துவிட்டது. இந்த வேலை செய்கிறவர்கள் கருவியை மட்டும் பார்க்காதீர்கள், அந்தக் கருவியை யார் தேடி வருகிறார்கள் என்பதையும் எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.

சாம்ப்ளிங் அண்ணன் லேப்டாப்புக்கு மட்டும் ரிசர்வேஷன் நிற்கவில்லை, வேறு வேறு முகவரி வந்தது. இரண்டு காரணம் இருந்தது. வைஃபையில் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' யாரோ ஆன் செய்திருந்தார்கள், மேக் முகவரியே மாறினால் சர்வர் ஆளை எப்படி அடையாளம் காணும்? ஆபீஸ் வைஃபைக்கு மட்டும் அதை அணைத்தோம், வெளி இடங்களில் அது இருப்பது நல்லது. அடுத்தது, இரவல் போன அந்தக் கன்வெர்ட்டர். கேபிளில் சேரும்போது சர்வர் பார்ப்பது கன்வெர்ட்டரின் மேக் முகவரியை. அதற்கு ரிசர்வேஷன் எழுதினால், அது யார் கைக்குப் போகிறதோ அவருக்கு அனுமதியும் கூடவே போகும். அதனால் கன்வெர்ட்டருக்கு எழுதுவதே இல்லை என்று வைத்துக்கொண்டோம், லேப்டாப் உள்ளவர்கள் எல்லாரும் வைஃபைதான்.

வீட்டில் இன்னும் ஒரு சின்னத் தொந்தரவு இருந்தது. ஆபீஸ் ஃபோல்டரை இசட் டிரைவ் என்று இணைத்திருந்ததால், விபிஎன் போடாமல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் சில சமயம் அது சர்வரைத் தேடிக்கொண்டு அசையாமல் நிற்கும். டிரைவை எடுத்துவிட்டு டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் வைத்தோம். தேவைப்படும்போது விபிஎன் போட்டுவிட்டு அதைத் திறந்தால் போதும்.

பத்து நாள் கழித்துப் போனபோது அந்தப் பெண்ணிடம் கேட்டேன், "இப்ப பொழுதோட வீட்டுக்குப் போய் என்னங்க அம்மணி பண்றீங்க?" "மூடியத் தொறப்பனுங்ணா, மெயில் பாப்பனுங்க." லேப்டாப்பின் அடியில் சீட்டு இல்லை, டேப் ஒட்டியிருந்த பசை மட்டும் கொஞ்சம் இருந்தது. எந்தக் கருவிக்கு எந்த முகவரி, அதை யார் தேடி வருகிறார்கள் என்ற பட்டியலை அச்சடித்து சர்வர் ரேக்கின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். போன வாரம் இரண்டாவது டிவிஆர் வந்தது, கணக்கு அண்ணன் தன் கையாலேயே அதில் ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கிறார்.